பழைய கார்பன் பாய்மரத்துக்கு மறுபெயிண்ட்: கொப்பளம் எங்கிருந்து வருகிறது, என்ன செய்வது

கேள்வியின் சுருக்கம்: 1990-களின் கடைசியில் கட்டிய 32 அடிப் பந்தயப் பாய்மரப் படகு, கொச்சியில் வாங்கியது. அதன் 13 மீட்டர் கார்பன் ஃபைபர் பாய்மரத்தை மட்டும் இறக்கி டிரெய்லரில் கொல்லங்கோட்டுக்குக் கொண்டுவந்து ஷெட்டில் போட்டிருக்கிறது. வெள்ளை பெயிண்ட் அங்கங்கே கொப்பளித்து உரிகிறது. ஸ்பிரெடர் (பக்கக் கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கை) அடியிலும் பூம் (பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கம்பு) சேருமிடத்திலும் சுண்ணாம்பு மாதிரி ஒரு பொடி. தூத்தூர் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்கள் "சுரண்டிப் பட்டி போட்டு இரண்டு நாளில் அடித்துத் தருகிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

இரண்டு நாள் கணக்குக்குக் கொடுக்க வேண்டாம். பெயிண்ட் அடிப்பது இந்த வேலையில் கடைசிக் கால் பங்குதான். கொப்பளம் கிளம்பிய காரணத்தை உள்ளே விட்டுவிட்டு மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் அதே கொப்பளம் வரும்.

காரணம் பெரும்பாலும் உலோகம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்வேதி வரிசையில் அது தங்கம், பிளாட்டினம் பக்கம் நிற்கிறது, அலுமினியம் எதிர்க்கோடியில். இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு இருந்தால் பேட்டரி தயார். அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான். அதிலும் பாய்மரம் முழுக்கக் கார்பன், அலுமினியம் ஒரு சின்ன பிராக்கெட் என்னும்போது அரிப்பு இன்னும் வேகமாகும். அலுமினியம் கரைந்து உண்டாகும் வெள்ளைப் பொடி மூல உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதுதான் பெயிண்ட்டை அடியிலிருந்து தூக்குகிறது. ஸ்டெயின்லெஸ் 316 இதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், காற்றுப் புகாத திருகு ஓட்டைக்குள் உப்புநீர் தேங்கினால் அதுவும் அரிக்கும். டைட்டானியத்துக்கு இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை.

எல்லாக் கொப்பளமும் ஒரே நோய் அல்ல. ஒவ்வொன்றையும் பிளேடால் கீறித் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் பொடி என்றால் அலுமினியம். பக்கத்தில் ஃபிட்டிங் ஒன்று நிச்சயம் இருக்கும். பழுப்புக் கறை என்றால் ஸ்டெயின்லெஸ் திருகு. ஃபிட்டிங்கே இல்லாத நடுப்பகுதியில் கொப்பளம் வந்து, உள்ளே ஈரமோ பிசுபிசுப்போ இருந்தால், முன்பு அடித்தவர் ஈரக்காற்றில் அடித்தார் அல்லது தின்னர் வெளியேறுமுன் அடுத்த கோட் போட்டார். உரிந்த பெயிண்ட்டின் அடிப்பக்கம் வழவழப்பாக, கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் பழைய மேற்பரப்பைத் தேய்க்காமலே அடித்திருக்கிறார்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை இதுதான் சொல்லும்.

கழற்றுவது

எல்லா ஃபிட்டிங்கும் கழல வேண்டும். ஸ்பிரெடர் பிராக்கெட், கூஸ்நெக் (பூமைப் பாய்மரத்தோடு இணைக்கும் மூட்டு), கப்பிப் பெட்டிகள், ஹாலியார்டு (பாயை ஏற்றும் கயிறு) வெளிவரும் தகடுகள், உச்சியில் ஆன்டெனா அடித்தளம், விளக்குகள். ஹாலியார்டுகளை உருவுமுன் ஒவ்வொன்றின் வாலிலும் மெல்லிய நைலான் கயிறு கட்டி உள்ளே விட்டு வையுங்கள், பெயர்ச்சீட்டோடு. மின்கம்பிக்கும் அப்படியே. பிறகு 13 மீட்டர் குழாய்க்குள் கயிறு விடுவது தனி வேதனை.

இறுகிப்போன ஸ்டெயின்லெஸ் திருகுக்கு கேஸ் டார்ச் வேண்டாம், கார்பன் நாரைப் பிடித்திருக்கும் எபாக்சி ரெசின் வெந்துவிடும். பெரிய சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்து எடுத்து, சரியான அளவு ஸ்குரூடிரைவரால் முதலில் இறுக்குகிற பக்கம் சிறிது, பிறகு தளர்த்துகிற பக்கம். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் கார்பனுக்கு ஆகாது; ஓட்டையைச் சுற்றி அடுக்கு பிரியும். ரிவெட் என்றால் தலையை மட்டும் டிரில் பண்ணி எடுத்து, மீதியை உள்ளே தள்ளிவிட்டு, கடைசியில் மரத்தைச் சாய்த்து உதறி எடுங்கள். உள்ளே விட்டால் அது கலகலவென்று ஓடும். அலுமினியத் துண்டு என்றால் உள்ளுக்குள்ளேயே அரிக்கவும் தொடங்கும்.

பாய் ஏறும் அலுமினிய டிராக்கை மட்டும் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். அது பெரும்பாலும் பசையும் திருகுமாக ஒட்டியிருக்கும், பிய்க்கும்போது கார்பனின் மேலடுக்கும் சேர்ந்து வரலாம். ஓரத்தில் பொடி இல்லை, மெல்லிய பிளேடு எங்கும் உள்ளே போகவில்லை, திருகுத் தலைகளைச் சுற்றி பெயிண்ட் வெடிக்கவில்லை என்றால் டேப் ஒட்டி மூடிவிட்டு வேலை செய்யலாம். ஓரிடத்தில் தூக்கியிருந்தால் அந்த நீளம் முழுக்கக் கழற்றத்தான் வேண்டும்.

பரிசோதனை

பெயிண்ட்டை எடுக்குமுன் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுகிறோம். காய்ந்ததும் ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒரு அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல இடம் கணீரென்று ஒரே சுரத்தில் ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்று அடங்கும். சுவரின் தடிமன் மாறுமிடத்தில், ஸ்பிரெடர் அடியில், உள்ளே மரக்கட்டையோ கூடுதல் கார்பனோ இருக்குமிடத்தில் ஒலி இயல்பாகவே மாறும். அதனால் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுக் கேட்பதுதான் முறை.

கண்ணில் பட்ட கோடு பெயிண்ட்டின் வெடிப்பா, கார்பனின் வெடிப்பா என்று பிரிக்க எளிய வழி உண்டு. அந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்குப் பெயிண்ட்டைத் தேய்த்து எடுத்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். சுற்றுப்புறம் சில நொடியில் உலர்ந்துவிடும். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த அசிட்டோன் கடைசியாகக் காயும்; உலர்ந்த பரப்பின் நடுவே மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று தங்கி நிற்கும். கோடு மரத்தின் நீளவாக்கில், போல்ட் ஓட்டையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் ஓடினால் சரிசெய்யக்கூடியது. குறுக்குவாட்டில் ஓடும் கோடு, அதிலும் கூஸ்நெக்குக்கு மேலேயோ தளத்தை ஊடுருவும் இடத்திலோ ஸ்பிரெடர் அடியிலோ, நெருக்குவிசையில் நார் நொறுங்கியதன் அடையாளம். அங்கே எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு கம்போசிட் தெரிந்த சர்வேயரை அழைத்து அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்லுங்கள். மின்னல் வாங்கிய வரலாறு இருந்தாலும் அப்படியே. வெளியே ஊசித்துளை அளவு கருக்கல் மட்டும் தெரியும், உள்ளே பல அடிக்கு அடுக்கு பிரிந்திருக்கும். தெற்கு கேரளத்துத் துலாமழை இடிக்குப் பேர்போனது. படகின் முந்தைய உரிமையாளரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

வள்ளத்து ரெசின் ஏன் ஆகாது

குளச்சலிலிருந்து விழிஞ்ஞம் வரை ஃபைபர் வேலையில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கையாளுவது பாலியெஸ்டர் ரெசின், அதை இறுகவைக்கும் கோபால்ட், எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட், துண்டு நார் மேட். உங்கள் பாய்மரம் எபாக்சி. இறுகிய எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. இன்று ஒட்டியது போலிருக்கும், மரம் வளைந்து நிமிரும்போது தகடாகப் பெயரும். மறுதலையும் உண்டு. "எபாக்சி வாங்கித் தருகிறேன், அதே மேட்டைப் போடுங்கள்" என்றால், மேட்டின் நார்களைக் கட்டியிருக்கும் பைண்டர் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்சியில் அது கரையாது. மேட் சரியாக நனையாமல் வெள்ளை வெள்ளையாக நிற்கும். நெய்த கண்ணாடித் துணிதான் வேண்டும்.

கார் பட்டியும் பாலியெஸ்டர்தான். அதுவும் வேண்டாம். குழி நிரப்ப எபாக்சியில் மைக்ரோபலூன் (உள்ளே வெற்றிடமான நுண்மணிப் பொடி) கலந்த பட்டியை நீங்களே பிசைந்துகொள்ளலாம். அரால்டைட் எல்.ஒய் 556 எபாக்சியை அதை இறுகவைக்கும் ஹெச்.ஒய் 951 ஹார்ட்னரோடு எடையில் நூற்றுக்குப் பத்து என்று கலப்பது நம் நாட்டில் எங்கும் புழங்கும் முறை. சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் நகைத்தராசு வேண்டும். வெஸ்ட் சிஸ்டம் 105 கிடைத்தால் 205, 206 ஹார்ட்னருக்கு அளவில் ஐந்துக்கு ஒன்று. ஹார்ட்னர் கூடக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று பாலியெஸ்டர் பழக்கத்தில் கை தாராளமாகப் போகும். எபாக்சியில் அது நடக்காது. அளவு தப்பினால் ரப்பராகவே நின்றுவிடும்.

பட்டியை எங்கும் பூசி மெழுக வேண்டாம். மரத்தின் நடுப்புள்ளி நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஏழரை மீட்டர் மேலே இருக்கிறது; படகின் அடியில் தொங்கும் கனமான கீலின் எடை இரண்டு மீட்டருக்குள் கீழே. அங்கே ஏறும் ஒவ்வொரு கிலோவையும் ஈடுகட்ட கீலில் நாலு கிலோ வேண்டும். கார்பன் மரம் வாங்குவதே எடைக்காகத்தான்.

தேய்ப்பது

பெயிண்ட் ரிமூவர் ரசாயனம் கூடவே கூடாது. பெயிண்ட்டைத் தின்பது எபாக்சியையும் தின்னும், நாருக்குள் ஊறினால் வெளியே எடுக்கவும் முடியாது. ஹீட் கன், மணல்வீச்சு, ஆங்கிள் கிரைண்டர் மூன்றும் தள்ளுபடி. ஆர்பிட்டல் சாண்டரில் 120 நம்பர் உப்புத்தாள். பெயிண்ட் ரொம்பத் தடித்த இடத்தில் மட்டும் 80-ல் தொடங்கி, அடுத்த நிறம் தெரிந்ததும் 120-க்கு மாறுங்கள். வளைவுகளில் கையால், ஃபோம் கட்டை வைத்து. பிடிப்பாக இருக்கும் பழைய பிரைமரை ஏன் எடுக்க வேண்டும்? அது மேட்டாகித் தேய்ந்தால் போதும். கறுப்பு தெரிந்தால் கை நிற்க வேண்டும். தேய்த்த தூசி கறுத்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே நாரை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மேலடுக்கு நார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடி மரத்தின் விறைப்பைத் தாங்குபவை.

ஒரு வரிசை முக்கியம்: முதலில் கழுவு, பிறகு எண்ணெய்ப் பசை நீக்கு, அதற்கப்புறம் தேய். எண்ணெய்ப் பசை இருக்கும்போதே தேய்த்தால் சிலிக்கோன், கிரீஸ் எல்லாம் கீறல்களுக்குள் ஏறும். பெயிண்ட் அடித்ததும் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். பசை நீக்க இரண்டு துணி: ஒன்றில் தின்னர், மற்றது உலர்ந்தது, தின்னர் காய்வதற்குள் இரண்டாவதால் துடைத்து எடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் பனியன் வேஸ்ட்டில் பிசிறும் பழைய எண்ணெயும் இருக்கும். வெளுத்த வேட்டித் துணி நல்லது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை மரத்தில் படாமல் உதவியாளருக்கும் நைட்ரைல் கையுறை கொடுங்கள். கடைசிச் சோதனையாகச் சுத்தமான தண்ணீரைத் தெளியுங்கள். முழுப் படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகப் பிரிந்தால் மறுபடி துடைக்க வேண்டும்.

கார்பன் தூசி மின்சாரம் கடத்தும். ஷெட்டில் இருக்கும் சுவிட்ச் போர்டு, இன்வெர்ட்டர், கேரேஜ் மோட்டார் எல்லாவற்றையும் பாலிதீனால் மூடுங்கள், சாண்டரோடு வேக்குவம் இணையுங்கள். தோலில் பட்டால் நமைச்சல். தேய்க்கும்போது என்95 முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போதும். பெயிண்ட் விஷயம் வேறு, கீழே வருகிறது.

கார்பன் வெறுமையாகத் தெரிந்த இடங்களுக்குத் பொடி எதுவும் கலக்காத வெறும் எபாக்சியை ரப்பர் தகட்டால் அழுத்தி மெல்லிசாக இழுத்துவிடுங்கள், ஊசித்துளைகள் அடையும். மறுநாள் அதன்மேல் மெழுகு மாதிரி வழுக்கல் ஒன்று படிந்திருக்கலாம். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்ட்னரோடு சேர்ந்து உண்டாகும் அமீன் படலம் அது; நம் கடற்கரை ஈரத்தில் அநேகமாக வரும். தண்ணீரும் ஸ்காட்ச்-பிரைட்டும் வைத்துக் கழுவினால் போய்விடும். தின்னரால் துடைத்தால் பரவும், கழுவாமல் தேய்த்தால் தாளை அடைக்கும், அப்படியே பெயிண்ட் அடித்தால் அடுத்த கொப்பளத்துக்கு விதை.

எந்த மாதம், எந்த மணி

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம். ஃபைபர் ஆட்கள் எல்லாரும் கரையேறிய படகுகளில் பிஸி, கூடவே இடவப்பாதி மழை. ஆள் கிடைத்தாலும் அப்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். குமரி மாவட்டத்துக்கு அக்டோபர், நவம்பரிலும் மழை உண்டு என்பதால் டிசம்பர் பின்பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நம்பலாம்.

விதி இது: மரத்தின் மேற்பரப்பு வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்க வேண்டும். 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனிநிலை 25. ஐந்து டிகிரி இடைவெளி, அடிக்கலாம். காலை 26 டிகிரி, 90 சதவீதம் என்றால் பனிநிலை 24-ஐத் தாண்டும். இரண்டு டிகிரிகூட இல்லை, தொடாதீர்கள். ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று ஷெட்டில் தொங்கட்டும். ஷெட் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் மாலைக் கடற்காற்று உப்பை இரவோடு இரவாகப் பிரைமர் மேல் படியவைக்கும். அடுத்த கோட்டுக்கு முன் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும்.

பிரைமரை மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு, வெப்பம் ஏறி முடிந்த பிறகு அடிப்பது சிறந்தது. காலையில் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும்போது அடித்தால் ஊசித்துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே குமிழி விடும். மேல்கோட்டை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள். பனி இறங்குமுன் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்திருக்கும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு பொதி பாலியூரித்தேன் ஈரத்தோடு வினைபுரியும். பச்சையாக இருக்கும்போது பனி பட்டால் பளபளப்பு செத்துப் பால்நிறம் படியும். இரவில் விளக்குப் போட்டு அடிக்கலாமா என்றால், ஈசல் ஒட்டிய பாய்மரம் வேண்டுமானால் அடிக்கலாம்.

எவ்வளவு, எப்படி

165 க்கு 105 மில்லிமீட்டர் முட்டை வடிவக் குழாய் என்று வைத்தால் சுற்றளவு 43 சென்டிமீட்டர். 13 மீட்டருக்கு 5.6 சதுர மீட்டர், நான்கு ஸ்பிரெடர் சேர்த்து ஆறரை. எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டுக்கு, லிட்டருக்கு 8 சதுர மீட்டர் கணக்கில் 1.6 லிட்டர், இரண்டு வாங்குங்கள். பாலியூரித்தேன் மேல்கோட் மூன்றுக்கு, லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் என்று இரண்டு லிட்டர்; சிந்தல் சேதாரத்துக்கு அரை லிட்டர் கூட. காய்ந்த பிறகு மொத்தம் ஏறக்குறைய இரண்டு கிலோ ஏறும். ஆல்கிரிப், இன்டர்நேஷனல் போன்ற யாட் பெயிண்ட் கிடைக்காவிட்டால் பெரிய கம்பெனிகளின் மெரைன் வகை எபாக்சி பிரைமரும் அலிஃபாட்டிக் (வெயிலில் மஞ்சளடிக்காத வகை) பாலியூரித்தேனும் போதும். பிரைமர், தின்னர், மேல்கோட் மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். மார்க்கெட்டில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) தின்னரைக் கலந்துவிட்டு டின்மேல் குறை சொல்லிப் பயனில்லை.

பிரைமர் சாம்பல் நிறத்தில் வாங்குங்கள், மேலே வெள்ளை. அடுத்த முறை யார் தேய்த்தாலும் சாம்பல் தெரியும்போது நிற்கத் தெரியும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார்பனின் நெசவு தெரிய கிளியர் கோட் கேட்பவர்கள் உண்டு. எட்டு டிகிரி அட்சரேகை வெயிலில் அது வீண் ஆசை. புற ஊதாக் கதிர் கார்பனை ஒன்றும் செய்யாது, நார்களைப் பிடித்திருக்கும் எபாக்சியைத்தான் பொடியாக்கும். கிளியர் கோட் மெலியத் தொடங்கியதும் அது ஆரம்பமாகிவிடும். தவிர கறுப்பு மரம் நண்பகல் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும் என்பதால் நீங்கள் போட்ட பட்டியும் ஒட்டும் முதலில் அடிபடும். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல்தான்.

மரத்தை முழுச் சுற்றும் அடிக்க, அடிமுனையில் இறுக்கமான மரக்கட்டை செருகி அதன் நடுவே ஒரு ஜி.ஐ. பைப்; உச்சியில் கப்பி போல்ட் ஓட்டை வழியாக ஒரு கம்பி. இரண்டு முனையையும் குதிரைக்கட்டையில் ஏற்றினால் மரத்தைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கலாம். நடுவில் தொங்கும், டேப் ஒட்டி மூடிய டிராக் பக்கத்தில் ஒரு முட்டு கொடுங்கள்.

கலவையை 250 மில்லிக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள், 30 டிகிரியில் சீக்கிரம் தடித்துவிடும். நாலு அங்குல ஃபோம் ரோலரில் ஒருவர் உருட்ட, மற்றவர் மெல்லிய பிரஷ்ஷின் நுனியால் நீளவாக்கில் தடவி விடட்டும். இரண்டு அடி, இரண்டு அடியாக நகருங்கள். ஈர விளிம்பு காய்வதற்குள் அடுத்தது. மெல்லிசாக மூன்று கோட், தடிப்பாக இரண்டைவிட மேல். முதல் கோட்டில் அடியிலுள்ள சாம்பல் தெரிகிறதே என்று மறுபடி ரோலரை எடுத்துப் போகிறவர்கள்தான் வழிசல் வாங்குகிறார்கள். டின்னில் போட்டிருக்கும் மறுகோட் நேரத்துக்குள் அடித்தால் தேய்க்க வேண்டாம், தாண்டிவிட்டால் 320 தாள். கடைசிக் கோட்டுக்கு முன் 400.

ஸ்ப்ரே வேண்டுமானால் மார்த்தாண்டம் பக்கக் கார் பெயிண்டர்கள் நன்றாக அடிப்பார்கள். ஆனால் இரண்டு பொதி பாலியூரித்தேனின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. புகையாகச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்பு ஒவ்வாமையாகிவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் அந்தப் பெயிண்ட் பக்கம் போக முடியாது. மூக்கில் கர்சீஃப், என்95 எதுவும் இதற்குக் காப்பு இல்லை. ஸ்ப்ரேக்கு வெளிக்காற்று ஊட்டும் முகமூடி. ரோலருக்கு ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் முகமூடி, இருபுறம் திறந்த ஷெட். அந்த வசதி இல்லாதவரிடம் ஸ்ப்ரே வேலை கொடுக்காதீர்கள். ரோலர் முடிப்பு பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது, பாய்மரத்தை யாரும் அதைவிட நெருங்கிப் பார்ப்பதுமில்லை.

மறுபடி பூட்டுவது

முழுப் பலத்துக்கு ஒரு வாரம் விடுங்கள். அதற்குமுன் கயிறு உரசினால் தழும்பு விழும்.

பழைய ஓட்டைகளை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கி, கெட்டி எபாக்சியால் அடைத்து, இறுகியதும் நடுவில் சரியான அளவில் துளையிடுங்கள். திருகு இப்போது எபாக்சிக்குள் இருக்கிறது, கார்பனைத் தொடாது. இதைப் பெயிண்ட் அடிக்குமுன்பே முடித்துவிட்டால் நல்லது. பிராக்கெட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் ஜி10 தகடு. எலெக்ட்ரிகல் கடையில் கிளாஸ் எபாக்சி ஷீட் என்று கேட்டால் கிடைக்கும். திருகுக்கும் ரிவெட்டுக்கும் டெஃப்-ஜெல் அல்லது டூராலாக் என்னும் அரிப்புத்தடுப்புப் பசையைத் தடவி ஈரமாகவே இறக்குங்கள். பழைய மஞ்சள் டூராலாக்கில் குரோமேட் உண்டு, கையுறை போடவும். ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் கிராஃபைட் கிரீஸ் மட்டும் வேண்டாம்: கிராஃபைட்டும் கார்பன்தான், பிரச்சினையை நாமே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுகிறோம். காப்பர் கிரீஸும் அலுமினியத்துக்கு ஆகாது. ரிவெட் மோனெல் (நிக்கல்-செம்புக் கலவை) ஆக இருக்கட்டும்; அலுமினிய ரிவெட்டைக் கார்பனில் அடிப்பதுதான் இந்த மரத்தில் யாரோ முன்பு செய்திருக்கும் காரியம்.

ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் பூட்டியதும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அடிமுனையில் வெட்டுப்பக்கம் வெறும் கார்பன் தெரியுமிடத்தில் ஒரு முனை. முதலில் மற்ற முனையையும் அதே வெட்டுப்பக்கத்தில் தள்ளி அழுத்தி, மீட்டர் மின்தடை காட்டுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு இரண்டாவது முனையைப் பிராக்கெட்டில் வையுங்கள். எண் எதுவும் வரக் கூடாது. வந்தால் ஏதோ ஒரு திருகு தொடுகிறது. ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் எது என்று அகப்படும். மின்விளக்குக் கம்பிகளையும் இப்படியே சோதியுங்கள்: நெகட்டிவ் கம்பி மரத்தில் கசிந்தால் படகின் பேட்டரியே அரிப்புக்குத் துணைபோகும்.

பூட்டிய பிறகு வருடாந்திர வேலை குறைவுதான். ஓடிவந்த பிறகு நல்ல தண்ணீரில் அலசல், அடிமுனை வடிகால் ஓட்டையைக் குத்தி விடுதல், ஹாலியார்டு வெளிவரும் விளிம்பில் தேய்மானம், ஃபிட்டிங் ஓரங்களில் வெள்ளைப் பொடி. குளவி கூடு கட்டி வடிகாலை அடைப்பது நம் பக்கம் சாதாரணம். சிலிக்கோன் கலந்த கார் பாலிஷ் போட வேண்டாம், அடுத்த பெயிண்ட்டில் மீன்கண்ணாக வரும். கீறல் விழுந்து கறுப்பு தெரிந்தால் அந்த வாரமே எபாக்சி தொட்டு, மேலே பெயிண்ட் தொட்டு மூடுங்கள். தொட்டுப் பூச மிச்சம் வைக்கும் பெயிண்ட்டில் ஹார்ட்னர்தான் முதலில் கெடும்: திறந்த டப்பாவில் காற்றின் ஈரம் பட்டுச் சில மாதத்தில் ஜெல்லி கட்டிவிடும். அதனால் ஒரு பெரிய செட்டுக்குப் பதில் இரண்டு சின்ன செட் வாங்கி, அந்த அரை லிட்டரைத் திறக்காமலே வையுங்கள்.